பதினொரு முறை திரும்பி வந்த நான்கு வரி

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் பார்ப்பவளுக்கு அன்று காலையிலேயே எரிச்சல். அவளுடைய நான்கு வரி பதினோராவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

முப்பது ஊர் ஆம்புலன்ஸுக்கும் ஒரே மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஒரே நிமிடத்தில் இரண்டு அழைப்பு வந்தால் இரண்டாவது திரையிலிருந்து மாயமாகிவிடும். கூப்பிட்டவர் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அதைச் சரிசெய்யத்தான் அவள் எழுதிய அந்த நான்கு வரி நிரல்.

திருத்தங்களைச் சேர்க்கும் அதிகாரம் ஒருவரிடம். முகத்தை யாரும் பார்த்ததில்லை, பட்டப்பெயர் சீப்பு. எதையும் வாரிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவர் எழுதிய நடை விதிகள் நாற்பத்திரண்டு பக்கம்: வரிக்கு முன் நான்கு இடைவெளி, அடைப்புக்குறி தனி வரியில், குறிப்புக்கு முற்றுப்புள்ளி. பத்துப் பேர் எழுதியதைப் பதினோராவது ஆள் படிக்க வேண்டுமென்றால் விதி தேவைதான், அவளும் மறுக்கவில்லை. ஆனால் உயிர் போகிற நேரத்தில் வகிடு கோணல் என்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பக்கத்து மேசையில் ஃபோன் எடுப்பது கூடப்பிறந்த அக்கா. எல்லா அழைப்பையும் தாளிலும் எழுதி எழுதி விரல் காய்த்தவள்.

"இந்தத் தடவை என்னடி நொட்டை?"

"நிரல்ல அழைப்புக்கு நான் வெச்ச பேரு சுருக்கமா இருக்காம். முழுசா எழுதணுமாம்."

"அடப்பாவி! படிச்சாவது பார்த்தானா?"

"படிக்கிறதா? அவர் ஸ்கேல் வெச்சு அளப்பாருக்கா, அவ்வளவுதான்."

பெயரை நீட்டி அனுப்பினாள். மதியம் பதில் வந்தது: "ஏற்கப்பட்டது. அழகு." அக்கா கைதட்டினாள். இவள் திறந்து பார்த்தாள். பெயர் நீண்டதில் மூன்றாவது வரி, விதித்த எண்பது எழுத்தைத் தாண்டிவிட்டதாம். சீப்பே பெரிய மனது பண்ணி வாலை நறுக்கியிருந்தார். இரண்டாவது அழைப்பைக் காப்பாற்றுகிற நிபந்தனை அந்த வாலில்தான் இருந்தது.

"சூடா ஒரு கடிதம் எழுதுடி!"

"எழுதினா, ஓரம் விடலைன்னு திருப்பி அனுப்புவார்."

தன் அலுவலகக் கம்ப்யூட்டரில், சீப்பு நறுக்காத தன் பழைய நான்கு வரியையே போட்டாள். பிறகு ஃபோனை எடுத்து அடுத்த ஊரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாலு வரி அனுப்புறேன். பார்க்கச் சகிக்காது. அப்படியே போட்டுடுங்க, தயவுசெஞ்சு வாரிடாதீங்க."



"அனுப்பும்மா. நேத்து மட்டும் இங்க மூணு ஃபோன் கால் காணாமப் போச்சு."