மாடிக்கும் வரி கட்டியிருந்த வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வராஜ் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். என்னைத் தேடி வந்தது யாருக்கும் தெரியக் கூடாதாம்.

தருமபுரியில் கட்டட ப்ளான் போட்டுக்கொடுக்கும் லைசென்ஸ் சர்வேயர் நான். என் ஆபீசுக்கு எதிரில்தான் அவனுடைய ரியல் எஸ்டேட் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, வருகிறவர்களுக்கெல்லாம் பாதாம் பால். என்னிடம் வரவேண்டியவர்கள் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். பாதாம் பால் டம்ளர்களைக்கூட எண்ணாத குறைதான்.

அவன் யாரையும் பயமுறுத்த மாட்டான். "வூட்டு வரி ரசீது இருக்குது, கரண்டு பில் இருக்குது. அப்பறம் என்னங்க அப்ரூவல்? தைரியமா அட்வான்ஸ் குடுங்க" என்பான். வரி ரசீதையே அனுமதி என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். நானோ அனுமதி வாங்கிய ப்ளானைக் கேட்பேன், டேப்போடு போய் வீட்டை அளப்பேன். "அவருகிட்ட போனா நல்ல வூட்டுக்கும் நொட்டை சொல்லுவாருங்க" என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவன்தான் என் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணா, காரிமங்கலத்துல ஒரு மாடி வூடு பாத்திருக்கறேன். புதன்கிழமை அட்வான்ஸ். நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லணும்."

"எந்த கஸ்டமருக்குப்பா?"

"எனக்குத்தாங்ண்ணா. இண்டூர்ல இருக்கற நெலத்த வித்துட்டு வாங்கறேன். வேற ஒண்ணும் கையில இல்ல."

மறுநாள் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனோம். ப்ளானில் இருந்தது கீழ்த்தளம் மட்டும். மாடி அனுமதியில்லாமல் எழும்பியிருந்தது. மாடிப்படி பொதுச் சந்தில் இறங்கியது. பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தேன். வேலையை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த நோட்டீஸ் இன்னும் முடியாமல் கிடந்தது. வாங்குகிறவன் தலையில்தான் விடியும்.

அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது செல்வராஜின் மனைவி மாடியில் நின்று, "எங்கம்மாவ இந்த ரூம்புல வெச்சுக்கலாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். 'நல்லா இருக்குது, வாங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர் ஆபீஸ் காலி. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஆசை வந்தது. ஆனால் கையில் டேப்பை வைத்துக்கொண்டு தப்பான அளவு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"மாடிக்கும் வரி கட்டியிருக்காங்களேண்ணா!"

"வரி, கட்டடம் நிக்கறதுக்கு வாங்கறாங்க செல்வராஜூ. கட்டலாம்னு சொன்னதா அர்த்தமில்ல. நாளைக்கு இடிக்கச் சொன்னா ரசீதக் காட்டித் தப்பிக்க முடியாது."

அவன் முகம் செத்துப்போயிற்று. வீட்டை விட்டுவிட்டான். நிலம் தப்பியது.

அதன் பிறகு அவன் ஆபீசில் பேச்சே மாறிவிட்டது. "மொதல்ல அப்ரூவல் ப்ளானக் கொண்டாங்க. அளந்து பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க" என்று ஆரம்பித்தான். நான் ஆயுசு முழுக்கச் சொன்ன அதே வார்த்தைகள். "செல்வராஜ் மாதிரி கறாரா பாக்கறவரு ஜில்லாவுலயே இல்லீங்க" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது.

வீடு வாங்கப்போகிற பிள்ளைகளே, அனுமதி ப்ளானும் வீடும் ஒத்துப்போகிறதா, நோட்டீஸ் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் சொல்லிக் கேட்காவிட்டாலும், செல்வராஜ் சொல்லியாவது கேளுங்கள்.