உரிமையாளர் என்று போட்டிருந்தது

நடந்தவை, வரிசைப்படி:

1. கோவை கணபதிப் பகுதியில் அண்ணன் தொடங்கிய லேத் பட்டறை என் பெயரில் பதிவானது. பெண் பெயரில் இருந்தால் வங்கிக் கடனும் அரசு மானியமும் எளிது என்று ஆடிட்டர் சொன்னார்.
2. கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டேன்.
3. வங்கிக் கணக்கை அண்ணனே நடத்தலாம் என்று அனுமதி தரும் கடிதத்திலும் போட்டேன்.
4. சிறந்த பெண் தொழில்முனைவோர் என்று எனக்கு விருது கொடுத்தார்கள்.
5. எனக்கு வரன் அமைந்தது. பட்டறையை அண்ணி பெயருக்கு மாற்றித் தரச் சொன்னார்கள்.
6. மாற்றித் தரவில்லை.

ஆறாவதைப் பற்றித்தான் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். முதல் ஐந்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. எங்கள் பட்டறையில் தண்ணீர்ப் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார்கள். சனிக்கிழமை மதியம் அங்கே போவேன். வெளியே போர்டில் என் பெயரும் அதன் கீழே உரிமையாளர் என்றும் இருக்கும். உள்ளே எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

ஒரு சனிக்கிழமை, பம்புக் கம்பெனி திருப்பி அனுப்பிய ஷாஃப்ட்டுகள் வாசலில் கிடந்தன. பேரிங் தளர்வாக உட்காருகிறது என்று புகார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், காரணம் தெரிந்தது. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து பெட்டியில் போடுகிறார்கள். ஆறினால் இரும்பு சுருங்கும், அளவு குறையும். அண்ணனிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "அம்மணி, உனக்குப் பேனா குடுத்தது கையெழுத்துப் போடறதுக்கு. அளக்கற மைக்ரோமீட்டர் எங்ககிட்ட இருக்குது."

சிரித்தார்கள். லேத்தில் நின்ற மூத்த ஆள் ஒருவர், "முதலாளியம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றார். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்தேன். அடுத்த வாரம் போனபோது ஷாஃப்ட்டுகளை ஆறவைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அண்ணனின் யோசனையாம்.

விருது விழா அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. மேடையில் வரிசையாகப் பெண்கள், முன்வரிசையில் அவரவர் வீட்டு ஆண்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, உங்க கம்பெனியில என்ன செய்யறாங்கன்னு மைக்குல கேட்டுப்போட்டா என்னங்க பண்றது? எங்களுது கிரைண்டரா, மிக்ஸியான்னே எனக்கு நெனப்பு வர மாட்டேங்குது."

"கிரைண்டர்னு சொல்லுங்க. கோயமுத்தூர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். என் முறை வந்தது. சால்வை போட்டு, 'பெண்களுக்கு அதிகாரம்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது அண்ணன் மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டார். "அதுக்குக் கூச்சமுங்க. நானே சொல்லிப்போடறனுங்க." கைதட்டினார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். என்ன செய்வது என்பதல்ல, செய்யாமல் விடப்போவதில்லை என்பதை.

வாய்ப்பை அவர்களே கொண்டுவந்தார்கள். காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, அண்ணன், ஆடிட்டர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். என் திருமணத்துக்கு முன் பட்டறை அண்ணி பெயருக்கு மாற வேண்டும்.

"கட்டிக் குடுத்த பொறவு நீ அடுத்த ஊட்டுப் புள்ள, கண்ணு," என்றார் அப்பா. "நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பட்டறைய எங்களுதுன்னு சொல்லிப்போட்டா?"

"ஒரே ஒரு கையெழுத்துத்தானுங்க," என்றார் ஆடிட்டர்.

"கடனும் அண்ணி பேருக்குப் போயிருமுங்களா?" என்று கேட்டேன்.

ஆடிட்டர் காபி டம்ளரைப் பார்த்தார். "அது கொஞ்ச நாளைக்கு உங்க பேருலயே இருக்குமுங்க. பேங்க்ல மாத்தறது லேட்டாகும்."

"அப்பப் பட்டறை அண்ணிக்கு, கடன் எனக்கு."

"கூடப் பொறந்தவங்கிட்டயே கணக்குப் பாக்கறியா?" என்றார் அண்ணன்.

"யோசிச்சுச் சொல்றனுங்க."

எங்கள் வீடுகளில் ஒரு பெண் யோசித்துச் சொல்கிறேன் என்றால் சம்மதம் என்று பொருள். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களும் கேட்கவில்லை, பட்டுச்சேலை எடுக்க ஆர்.எஸ்.புரம் போகும் நாளைப் பேசத் தொடங்கினார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வங்கிக்குப் போய், கணக்கை அண்ணன் நடத்தலாம் என்று கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். மேலாளர் தயங்கினார். "அண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

"உரிமையாளருக்குத் தெரியுமுங்க," என்றேன்.

பூஜையன்று எங்கள் ஊர்ப் பட்டறைகளில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக் காலையில் முதல் மெஷினை முதலாளிதான் ஓட விட வேண்டும். அதன்பிறகே மற்றவர்கள் கை வைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் சந்தனம் வைப்பது நான், சுவிட்சைப் போடுவது அண்ணன். அந்த வருடம் அவர் கை நீட்டும் நேரத்தில், "கொஞ்சம் தள்ளுங்ணா" என்று நானே போட்டேன்.

அவர் சிரித்தார். "சரி, கல்யாணமாகிப் போற புள்ள. ஆசைக்கு ஒருக்காப் போட்டுட்டுப் போகட்டும்."

மெஷின் சீராகச் சுழலும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பேங்க் லெட்டர முந்தாநாளே வாபஸ் வாங்கிட்டனுங்க. பட்டறையை மாத்தித் தர்றதா இல்ல. இனி நானே பாத்துக்கறன். அண்ணனுக்கு இஷ்டமிருந்தா மேனேஜரா இருக்கட்டும், சம்பளம் தந்தர்றன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டீ சொன்ன அந்த மூத்த ஆள் சுத்தமாக இருந்த கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டப்புள்ளகிட்டச் சம்பளத்துக்கு நிக்கோணுமா நானு?" என்றார் அண்ணன்.

"வேண்டாமுன்னா வேண்டாமுங்ணா."

நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை. என்னைச் சிறுமைப்படுத்திய இடத்திலேயே, அதே ஆட்களுக்கு முன்னால், அவரும் சிறுத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சிறுத்துப்போனார். இனித்தது. இன்றும் நினைத்தால் இனிக்கிறது.

எங்கள் தெருவில் பாதிப் பட்டறைகளின் போர்டில் பெண்கள் பெயர்தான் இருக்கிறது. மனைவி, மகள், மருமகள். மேடைகளில் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று காட்டுவது இந்தப் போர்டுகளைத்தான். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எல்லோரும் ஒரே காலையில் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெருவின் ஆண்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. பயன்படுத்த மாட்டோம் என்ற நம்பிக்கையில் கொடுத்த அதிகாரம் அது. அதைப் பயன்படுத்தினால் துரோகம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணன் சின்னவேடம்பட்டியில் வேறு பட்டறை போட்டார். மானியம் கிடைக்கும் என்று அண்ணி பெயரில் பதிவு செய்திருக்கிறார். போன மாதம் அண்ணி போன் செய்தார்.

"அம்மணி, அந்த பேங்க் லெட்டர வாபஸ் வாங்கோணுமுன்னா நேர்லயே போகோணுமுங்களா?"

"ஆமாங்க. நீங்களேதான் போகோணும்."

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாமுன்னுதான் கேட்டனுங்க."

இப்போதைய நிலை இதுதான். பட்டறை என் பெயரில் இருக்கிறது, நான் நடத்துகிறேன். பீளமேட்டு வேலையை விட்டுவிட்டேன். வங்கித் தவணை தவறவில்லை. ஆட்களில் சிலர் அண்ணனோடு போனார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள். பேசிய சம்பந்தம் முறிந்தது. அப்பா பேசுகிறார். அண்ணன் பேசுவதில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை.