முரட்டு நூலும் புவனா அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை, கடல் பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கரையில் இருக்கும் பிறைக்கு வேலைக்குப் போகிறவர்களின் கார்களும் லாரிகளும் நகராமல் கிடந்தன. கைப்பேசியில் புவனா அக்காவின் கணவர் யோகன் அண்ணனின் பெயர் வந்தபோதே தெரிந்துவிட்டது. "மாலா, புவனா போய்ட்டாம்மா. விடியிறதுக்கு முன்னாடியே போய்ட்டா" என்றார். காரைத் திருப்ப வழியில்லை. அக்கரைக்குப் போய்த்தான் திரும்பி வரவேண்டும். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. பிறை வரை ஓட்டிப் போய்த் திரும்பி, டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணன் கேட்டிருக்கிறார். அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புவனேஸ்வரி அக்கா பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு மூத்தவராக இருந்தவர். பல ஆண்டுகள் ஒரே காரில் பாலம் கடந்தோம். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் கொக்கி ஊசியும் நூலுமாக இருப்பார். பின்னியது சட்டையோ தொப்பியோ அல்ல, பாத்திரம் தேய்க்கிற வட்டங்கள். அலுவலகச் சமையலறையில் ஊறிக் கிடந்த ஸ்பஞ்சை ஒருநாள் இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இத மோந்து பாத்தியா? இதுல கழுவுன மங்குலதான் நாம சாப்பிடுறோம்லா" என்று குப்பையில் போட்டார். மறுநாள் தானே பின்னியதைக் கொண்டுவந்து குழாயில் மாட்டினார். அதன் பிறகு கேட்டவர் வீட்டிலும் கேட்காதவர் வீட்டிலும் அக்காவின் வட்டங்கள் குழாயில் தொங்கின.

நூல் வாங்கத் தனியாகப் போகமாட்டார். சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு சீன அம்மாவின் கடைக்குப் போவார். நிறத்தை அவர் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நூலை மணிக்கட்டின் உள்பக்கம் உரசுவார், பிறகு கட்டைவிரல் நகத்தில் தேய்ப்பார். "நகத்துல கோடு விழுந்தா ஒட்டாத சட்டியிலயும் விழும். அது குழம்புச் சட்டிக்கு மட்டும்" என்பார். முள் முள்ளாகச் சிலிர்த்து நிற்கும் முரட்டு நூல்தான் அவருக்குப் பிடிக்கும். வெல்வெட் மாதிரி வழவழவென்று இருப்பதைக் கண்டாலே ஆகாது. "இது எண்ணெயக் குடிச்சிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும்" என்று தள்ளிவிடுவார். கடைக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "பெகாங், பெகாங், பிலா மௌ பெலி?" என்று மலாயில் கத்துவார். தொட்டுக்கொண்டே இருந்தால் எப்போது வாங்குவாய் என்று கேட்டவருக்கே அக்கா தினமும் பேசுகிற சிநேகிதியானது வேறு கதை.

பிறகு நோய் வந்தது. மருந்து ஏற்றி ஏற்றி முடி போனது, குரல் மெலிந்தது. ஆனாலும் பின்னுவதை விடவில்லை. அண்ணனோடு கடைக்குப் போய்ப் புதிய நூல் வாங்கி வந்து, சொந்தக்காரர்களுக்கும் கோயில் அடுக்களைப் பெண்களுக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. வெல்வெட்! ஒரே ஒரு வாணலியைத் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் எல்லாம் அதற்குள் போயிற்று, வாணலி அப்படியே இருந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், "என்னக்கா இது? பூனைக்குப் படுக்கை போடலாம், பாத்திரம் கழுவ முடியாது" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "விரல்ல உணர்ச்சியே இல்ல மாலா. மருந்து செஞ்ச வேலை. மணிக்கட்டும் அப்படித்தான். எதத் தொட்டாலும் ஒன்னாதான் இருக்கு" என்றார். "இத்தன பேருக்குக் குடுத்தேன். ஒருத்தர் விடாம அருமைன்னாங்க. நீ ஒருத்திதான் திட்டுற."

"அவங்களுக்கு மனசு வரலக்கா."

"அதான்லா பயமா இருக்கு. கொற சொல்றத நிறுத்திட்டாங்கன்னா, நான் முடிஞ்சிட்டேன்னு அவங்களுக்குள்ள பேசி வச்சிட்டாங்கன்னு அர்த்தம். உங்க அண்ணனுக்கு நேத்து உப்பே போடாமக் குழம்பு வச்சேன். மனுசன் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு ரெண்டு தடவ போட்டுச் சாப்பிடுறாரு. நீயாவது ஒழுங்கா சொல்லு."

அதன் பிறகு அக்காவுக்குப் பதில் என் மணிக்கட்டு வேலை செய்தது. வாரம் முழுக்கப் பாலத்தில் ஊர்ந்து, சனிக்கிழமை படுக்கலாம் என்று இருப்பேன், அக்கா அழைப்பார். சலிக்காமல் போனேன் என்று சொல்லமாட்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். கடையில் நான் உரசிப் பார்ப்பேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு, சொல்லு" என்பார். ஒருமுறை வார்த்தை கிடைக்காமல், "ரெண்டு நாள் சவரம் பண்ணாத அண்ணன் தாடி மாதிரி இருக்கு" என்றேன். "அதேதான்! எடு, எடு" என்று குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. பின்னி முடித்ததை எல்லாம் என்னிடம் தருவார், நான் தேய்த்துப் பார்த்துத் தளர்வு, கோணல், மோசம் என்று உள்ளதைச் சொல்வேன். அவரும் என்னைத் திட்டிக்கொண்டே பிரித்துப் பின்னுவார்.

கடைசியாக நான் போனபோது அக்காவால் எழுந்து உட்கார முடியவில்லை. தலையணையில் சாய்ந்தபடி ஒரு பச்சை வட்டத்தை நீட்டினார். அடுப்படியில் அடிப்பிடித்த கஞ்சிப் பானை கிடந்தது. தேய்த்தேன். கருகியது முழுக்க வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன், பின்னல் இறுக்கமாக, ஒரு சுற்றுக்கூடக் கோணாமல் இருந்தது. சந்தோஷத்தில் ஓடிவந்து, "நல்லா இருக்குக்கா" என்றேன்.

அவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று. என்னையே பார்த்தார். "நீயும் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

"எங்க முழுசா சொல்ல விட்டீங்க?" என்று குரலை உயர்த்தினேன். "நடுவுல நல்லா இருக்கு. ஓரப் பின்னல்ல ஒரு கண்ணு விட்டுட்டீங்க. நாலு நாள்ல பிரிஞ்சி தொங்கும்."

"அதானே பாத்தேன்" என்று அக்கா மூச்சு விட்டார். "குடு இங்க. கொற சொல்ல மட்டும் முதல்ல வந்துடுவா." உணர்ச்சியில்லாத விரல்களால் தடவித் தடவிக் கடைசிச் சுற்றைப் பிரித்தார். மறுபடி பின்னத் தொடங்கினார். நான் கிளம்பியபோதும் என்னைத் திட்டியபடி பின்னிக்கொண்டிருந்தார்.

புவனா அக்கா, உங்களிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஓரத்தில் எந்தக் கண்ணும் விட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் பின்னியிருந்தீர்கள். போய் வாருங்கள்.