லிஃப்ட் சரியாகும் வரை

மாவுச் சட்டியை இரண்டாம் மாடிப் படியில் இறக்கி வைத்தாள் வடிவம்மாள். இன்னும் இரண்டு திருப்பம் இறங்க வேண்டும். கைப்பேசி மறுபடியும் முனகியது. அடுக்குமாடித் தலைவர் அழகு, குடியிருப்போர் வாட்சப் குழுவில் பேசிப் போட்டிருந்தார்.

"எல்லாரும் கட்டைவிரல் போட்டாச்சி. வடிவக்கா மட்டும்தான் பாக்கி. என்னக்கா, கை நோவுதா?"

கடைசியில் ஒரு சிரிப்பு. அதை மட்டும் அவள் திரும்பக் கேட்டாள்.

லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. அது சரியாகும் வரை செயற்குழுத் தேர்தல் வேண்டாம், இருப்பவர்களே இருக்கட்டும், சம்மதம் என்றால் கட்டைவிரல் படம் போடுங்கள் என்று அழகு எழுதியிருந்தார். லிஃப்டைச் சரிசெய்ய வேண்டியவரும் அவர்தான்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இந்த அடுக்குமாடி எழுந்ததிலிருந்து ஆண்டுதோறும் கீழ்த்தளத்தில் ஓட்டுப் போட்டார்கள். ஒரு பிஸ்கட் டின்தான் பெட்டி. முதல் சீட்டு விழுமுன் அதைக் கவிழ்த்துத் தட்டி, காலி என்று எல்லாருக்கும் காட்டுவாள் வடிவம்மாள். முதல் வருஷம், "உள்ள ஒண்ணும் இல்லேன்னு யாரு பாத்தா?" என்று கேட்டு வைத்தாள். டின்னை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவள். புருஷன் செத்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டை ஆளுக்கு ஆள் காட்டிப் படிக்கச் சொன்னவள். அவளே நம்பிவிட்டால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வராது.

சீட்டில் பெயர் இருக்காது. கட்டைவிரலைத் தொட்டாலோ போட்டவர் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது. கீழ்த்தளத்தில் யார் மேசை போட்டு விற்கலாம் என்று சொல்வதும் செயற்குழுதான். அவளுடைய தோசைக்கல் அந்த மேசையில்தான் இருந்தது.

அவள் கீழே வந்தபோது, பக்கத்து மேசையில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் விற்கும் காமாரியா வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் போட்டுட்டியா?"

"நான் எங்கக்கா போட்டேன்? எம்மவ ஷாஹிரா போனை நோண்டி போட்டுட்டா."

"மாடிவீட்டு ரொஸ்னாவ கேட்டா பேரப்பிள்ள போட்டுச்சிங்கறா. இந்த ப்ளாக்குல ஒருத்திக்கும் சொந்தமா விரல் இல்லையா?"

காமாரியா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் போட்ட விரல எடுத்துடறேன்க்கா. நீங்களும் போடாதீங்க. ஒரு ஆளுன்னா மேசைய தூக்கிடுவாங்க. ரெண்டு பேரு இருந்தா யோசிப்பாங்க லா. ஓட்டு வைக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"எப்ப எடுப்பே?"

"கடைய மூடிட்டு. இப்ப கையெல்லாம் மிளகாச் சம்பல்."

வடிவம்மாள் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அழகு வந்தார். காமாரியாவிடம் ஒரு பொட்டலம் வாங்கினார். ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். தோசை மேசைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

என்ன சொல்லியிருப்பார்? கேட்கலாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்வாளா? சம்பல் கையால் மீதிச் சில்லறை கொடுக்க முடிகிறது, விரலை எடுக்க மட்டும் முடியவில்லை. தன்னைத் தனியாக நிறுத்தி வைக்கத்தான் இந்தப் பேச்சோ? கல்லில் தோசை கருகியது. அவள் கைப்பேசியைத் திறந்தாள். வரிசையில் காமாரியாவின் பெயர் இன்னும் இருந்தது. விரலை முந்தானையில் துடைத்து அழுத்தினாள்.

"தெரிமா காசி, வடிவக்கா" என்று அழகின் நன்றி உடனே வந்தது. காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒருவர் தவிர எல்லாரும் சம்மதித்ததால் பழைய செயற்குழுவே தொடரும். வடிவம்மாள் கைப்பேசியில் வரிசையைப் பார்த்தாள். தன் பெயர் இருந்தது. காமாரியாவின் பெயர் இல்லை. சொன்னபடியே கடையை மூடிய பிறகு எடுத்திருந்தாள். சாயங்காலம் காமாரியாவின் மேசை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்த மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். நாசி லெமாக் தேடி வந்தவர்கள் தோசை வாங்கிக்கொண்டார்கள். மாவு சீக்கிரம் தீர்ந்தது. லிஃப்ட் ஓடவில்லை. அவள் காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.