இடது பக்கப் பெட்டி

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத சத்தம் கேட்கிறது என்பவர்கள் கடைசியில் வந்து உட்காருவது என் எதிரில்தான். காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் நான். நிஜமாகக் கேட்கிறதா, கேட்பதுபோல் நடிக்கிறாரா, கேட்காததைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறாரா, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆகவே, "ஏதாவது பிரமையா இருக்கும்" என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள் கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஸ்பீக்கர்கள் இப்போதும் என் வீட்டு ஹாலில்தான் நிற்கின்றன. தினமும் பாட்டுக் கேட்கிறேன். கேட்பேன்.

பழைய ஸ்பீக்கர் என்றால் எனக்கு உயிர். என் அக்கா நகை வாங்குவாள், நான் பெட்டி வாங்குவேன். முழுக்க மூடிய பெட்டி, முன்னால் துளை வைத்த பெட்டி, எக்காளம் போல வாய் விரிந்தது... சத்தத்தை எப்படிப் பிடித்து எப்படி விடுவது என்று ஒவ்வொருவன் ஒவ்வொரு விதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்த ஜோடி எந்தக் கம்பெனியும் செய்ததல்ல. ஒரு மனிதர் தன் கையாலேயே செய்தது. ஆள் உயரம். பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு. கூம்பு அசையும்போது முன்னால் எவ்வளவு சத்தம் வருமோ, அவ்வளவு பின்னாலும் போகும். பல பெட்டிகள் அந்தப் பின்சத்தத்தை உள்ளேயே அமுக்கிவிடும். இதில் அப்படியில்லை. உள்ளே பலகைகளால் வளைந்து வளைந்து ஒரு பாதை, வயிற்றுக்குள் குடல் கிடப்பது மாதிரி. சத்தம் அதில் நடந்து நடந்து களைத்து, அடியில் இருக்கும் வாய் வழியாக வெளியே வரும். அப்படி வருகிற அடித்தொண்டைச் சத்தம் இருக்கிறதே, நெஞ்சுக்கூட்டில் கை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும்.

விற்றது செய்தவரின் மகள். கணக்கு டீச்சர்.

"அப்பா இப்ப இங்க இல்லைங்க. வீட்டைக் காலி பண்றோம். வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

இல்லை என்றால் என்ன அர்த்தம்? எல்லோரும் எடுத்துக்கொள்கிற அர்த்தத்தைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். "மனசைத் தேத்திக்கோங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

வலது பெட்டியின் வாய் திறந்திருந்தது. இடது பெட்டியின் வாயில் கம்பளியைத் திணித்து, மேலே பலகை வைத்து, திருகாணி போட்டு இறுக்கியிருந்தது.

"இது ஏன் இப்படி?"

"அப்பா அடைச்சது. ஏன்னு சொல்லலை."

வாயை அடைத்தால் பாட்டு செத்துவிடும். வீட்டுக்கு வந்த அன்றே பலகையைக் கழற்றினேன். கம்பளியை உருவினேன். உள்ளேயிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. வெகுநாள் அடைபட்ட காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது விட்டு விட்டு வந்தது.

என் வீட்டுக்காரர் இரண்டு பெட்டிகளையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மாமியாரையே சமாளிக்க முடியலை. நீ ஜோடியாக் கூட்டிட்டு வந்துட்டியே!"

அந்த வாரம் முழுக்கப் பாட்டுக் கேட்டோம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இடது பெட்டி ஒரு மயிரிழை பிந்திப் பாடியது. வலது பாடியதைக் கேட்டுவிட்டு, அதைப் பார்த்துப் பாடுவதுபோல.

பாதையில் ஏதோ பலகை பெயர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. அவர் அச்சகத்தில் இரவுப் பணி, ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். ஜன்னல்களைச் சாத்தினேன். இடது பெட்டியின் ஒயரைக் கழற்றித் தரையில் போட்டேன். முதலில் வலது பெட்டியை மட்டும் சோதிக்க வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கிற அதே டோன்கள்தான், அதே வரிசைதான்.

மணி 6.40.

தினம் பத்து முறையாவது சொல்கிற வாக்கியம், வாயில் தானாக வந்தது. யாரும் இல்லாத ஹாலைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னேன். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. லேசாக் கேட்டாலும் தூக்குங்க."

ஆயிரம் ஹெர்ட்ஸ். வலது பெட்டி 'பீ...' என்றது. நிறுத்தினேன்.

டொக்.

இடது பெட்டிக்குள்ளிருந்து.

மரம் காய்கிறது என்றேன், எனக்கு நானே. மழைக்காலத்தில் மரம் காயாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம். பீ...

டொக்.

நாலாயிரம். டொக். இருநூற்றைம்பது. டொக். நிறுத்திய உடனே வந்தது. முந்தவில்லை, பிந்தவில்லை. நல்ல நோயாளி இப்படித்தான் பதில் சொல்வார்.

சத்தத்தைக் குறைத்தேன். டொக். இன்னும் குறைத்தேன். டொக். எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தேன்...

டொக்.

கை வியர்த்தது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. ஒரு தந்திரம் செய்தேன். பதினெட்டாயிரம் ஹெர்ட்ஸ் வைத்தேன். என் வயதில் அது எந்தக் காதிலும் விழாது. அதைவிட முக்கியம், இந்தப் பழைய காகிதக் கூம்பால் அந்தச் சத்தத்தை எழுப்பவே முடியாது. பட்டனை அழுத்தினேன். ஹாலில் மழைச் சத்தம் மட்டும்தான்.

டொக்.

அடுத்த பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனேன். இன்னும் அழுத்தவில்லை.

டொக்.

விரலை எடுத்தேன். மறுபடி கொண்டுபோனேன்.

டொக்.

எல்லாவற்றையும் அணைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கினேன்.

அப்போது மழைச் சத்தம் நின்றது.

ஜன்னலைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் அருவியாக வழிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கை தட்டினேன். உள்ளங்கை எரிந்தது... சத்தம் இல்லை. "யாரு?" என்றேன். தொண்டை அதிர்ந்தது.

என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

மௌனம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சோதனை அறைக்குள் கதவைச் சாத்தினால் மௌனம்தான். அங்கேகூட என் மூச்சு கேட்கும், ரத்தம் ஓடுவது கேட்கும். இதில் அதுவும் இல்லை. யாரோ என் தலைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி...

இடது பெட்டியைப் பார்த்தேன்.

ஒயர் தரையில் கிடந்தது. கூம்பு அசைந்தது.

உள்ளே...

வெளியே...

உள்ளே...

கதவு பக்கத்தில்தான். கால்கள் ஓடு ஓடு என்றன. நிஜம் சொல்கிறேன், பாதி எழுந்துவிட்டேன்.

அப்புறம் கோபம் வந்தது.

இந்தக் காதால் சோறு சாப்பிடுகிறவள் நான். எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து, "எனக்கு இனிமே கேக்காதா மேடம்?" என்று அழுதிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்க இது யார்? கேட்காமல் எடுத்துக்கொள்ள இது என்ன இதன் அப்பன் வீட்டுச் சொத்தா?

நாற்காலியை இழுத்தேன். இடது பெட்டியின் நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

சூடு.

அது தள்ளியது.

நானும் தள்ளினேன். அந்த நேரத்திலும் காகிதம் கிழிந்துவிடக் கூடாதே என்று பதமாகத்தான் தள்ளினேன். பைத்தியம் என்றால் இதுதான் பைத்தியம்.

"என் வீடு!" என்று கத்தினேன். கேட்கவில்லை. தொண்டை வலித்ததால் கத்துகிறேன் என்று தெரிந்தது. "என் பெட்டி! என் காது! நீ யாரா வேணா இரு. டெஸ்ட் முடிஞ்சிருச்சு. எந்திரி!"

கூம்பு நின்றது.

பிறகு மெதுவாக உள்ளே போனது. இன்னும் உள்ளே... பெரிய மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல. என் கை அதோடு போனது. கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம்? சொல்லத் தெரியவில்லை.

முதலில் கேட்டது மழை. பிறகு, அழுகிற என் சத்தம்.

மணி 7.12.

ஓடவில்லை. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒயரை மாட்டினேன், இடது பெட்டிக்கும் சேர்த்து. பிளக்கைச் சொருகினேன். இருப்பதிலேயே தாளம் அதிகமான ரெக்கார்டை எடுத்து, முழுச் சத்தத்தில் வைத்தேன். கேளு, நல்லாக் கேளு என்று இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டுக்காரர் தரையை இடித்தார். அந்தத் தட்டலுக்கு மட்டும் மரியாதை கொடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

காலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"வித்துடலாம்."

"மாட்டேன்."

"சரி, அந்த ஒண்ணை மட்டும் எரிச்சிடலாம்."

"ஜோடியைப் பிரிக்கக் கூடாது."

"அப்ப நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க. ஈரக்காத்து கூம்புக்கு ஆகாது."

அவர் போகவில்லை. தன் நாற்காலியை மட்டும் வலது பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறார்.

அன்று மருத்துவமனையில் உடன் வேலை செய்பவளிடம் சொல்லி என் காதைச் சோதித்துக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை.

ஒரு வாரம் கழித்து டீச்சருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "உங்க அப்பா அந்தப் பெட்டியிலதான் இருக்காரா?"

அவர் சொன்னார்.

"அப்பா உயிரோட இருக்காருங்க. முதியோர் இல்லத்துல. நீங்க அன்னைக்குத் தப்பா எடுத்துக்கிட்டீங்க. எனக்கும் அப்புறம் திருத்தத் தோணலை."

அப்பாவுக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது என்றார். பிறவியிலிருந்து இல்லை. ஒரே சாயங்காலத்தில் போனது. ஹாலில் உட்கார்ந்து, செய்து முடித்த பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். திடீரென்று எழுந்து தெருவுக்கு ஓடினாராம். பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த ஞாயிறு அந்த இல்லத்துக்குப் போனேன். வாசல் வரைக்கும் நர்ஸ் வந்தார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியா? நீங்கதான் சொல்லணும் மேடம். போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, பெரியவர் சுவத்தைப் பாத்து உட்காந்துக்கிட்டு விரலைத் தூக்கித் தூக்கி இறக்கினாரு. காது டெஸ்ட்ல பண்ற மாதிரியே. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டும் வரலை. ஏழு மணிக்கு மேலதான் நிறுத்தினாரு. அப்புறம் ஒரே அழுகை."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம் போய்விட்டது. ஓ, இவ்வளவுதானா! பேயுமில்லை, பிசாசுமில்லை. தான் செய்த பெட்டி வழியாக ஒரு கிழவர் எப்படியோ கேட்டிருக்கிறார். எப்படி என்று கேட்டால் தெரியாது. இருந்தாலும் அது ஒரு மனிதர். உயிரோடு இருக்கிற மனிதர்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"ஐயா. உங்க பெட்டி. இப்ப என்கிட்ட இருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற அந்தத் தட்டையான, உரத்த குரலில் சொன்னார். "உன் குரல் நல்லா இருந்துச்சும்மா. இருபது வருஷம் கழிச்சுக் கேட்ட குரல்."

என் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன். "அப்ப, தட்டினது நீங்கதானா?"

புரியவில்லை. மறுபடி சொன்னேன். விரலை மடக்கி நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக் காட்டினேன்.

அவர் கை என் கைக்குள்ளிருந்து நழுவியது.

"நான் விரலைத்தாம்மா தூக்கினேன். நீ அப்படித்தானே சொன்னே?"

என் பின்னால் யாரோ நிற்பதுபோல என் தோளுக்கு மேலே ஒருமுறை பார்த்தார். பிறகு என் உதட்டைப் பார்த்தார்.

"தட்டிச்சா? அன்னைக்கு எனக்குத் தட்டினது... உனக்கும் தட்டிச்சா?"