அக்கரப்பத்தனையில் நிறம் வெளுத்த நீலத் தண்ணீர்

உயிர்த்த ஞாயிறு முடிந்த வாரம் அக்கரப்பத்தனைக்குப் போனேன். கண்டி ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெனிட்டாவின் ஊர் அது. கைக்கு வந்த ஆசிரியர் நியமனத்தை விட்டுவிட்டு ஆய்வைத் தொடர அவள் முடிவெடுத்திருந்தாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "தனியாப் போனா அழுதுருவேன், நீயும் வா" என்றாள்.

காலை ஆறு மணிக்குக் கண்டியில் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குள் ஹட்டன். அங்கே முஸ்லிம் கடையொன்றில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு, தலவாக்கலை வழியாகப் போகும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், அருவிகள் தெரியும்.

ஜெனிட்டா மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையைக் காட்டி, "என்னங்க அது?" என்றார் கண்டக்டர்.

"ஊக்கிங்க."

"ஊக்கா? ஒண்ணு தாங்களேன், பை கிழிஞ்சிருக்கு."

பஸ்ஸே சிரித்தது. அவள் சொன்னது ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் ஊக்கி; சின்னச் சின்ன மணிகளாகப் பைக்குள் இருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய அப்பாவின் முகம் இறுகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "நியமனத்த விட்டுட்டு மணி உருட்டப் போறியா?"

ஜெனிட்டா பையைத் திறந்தாள். இரண்டு போத்தல்களில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினாள். இரண்டிலும் பலேடியம் என்ற உலோகத்தை ஏற்றிய பொலிமர் மணிகளைப் போட்டாள். அம்மாவிடம் அடுப்பை அணைக்கச் சொன்னாள், கதவைத் திறந்து வைத்தாள். மக்னீசியத்தில் வினாகிரியை ஊற்றி, கிளம்பிய, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவைக் குழாய் வழியாக இரண்டு போத்தலுக்கும் விட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நல்ல குளிர், குளிரில் இது மெதுவாகத்தான் நடக்கும். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஜெனிட்டாவின் கண் கலங்கியது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!" என்று அம்மா கத்தினார். ஒரு போத்தலில் நீலம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் தண்ணீரானது. மற்றது அப்படியே நீலமாக நின்றது.

அப்பா திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே மருந்துதானா?"

"உலோகமும் ஒண்ணுதாம்ப்பா, அளவும் ஒண்ணுதான். அது ஒட்டியிருக்கிற மணிதான் வேற. இந்த மணி தண்ணியில ஊறி விரியும். சாயமும் வாயுவும் உள்ள போய் உலோகத்தத் தொடுது. அந்த மணி தண்ணிய உள்ளயே விடாது. உலோகம் இருந்தும் சும்மா கெடக்கு. எந்த வேலைக்கு எந்த மணின்னு தேடுறதுதான் என் ஆய்வு."

நம்பாமல் அவர் போத்தலை எடுத்துக் குலுக்கினார். காற்றுப் பட்டதும் நீலம் திரும்பி வந்தது! தோட்டத்து வீட்டு வரிசையான லயமே கூடிவிட்டது. "இன்னொருக்கா காட்டு" என்று அவரே குழந்தை மாதிரி கேட்டார். மக்னீசியம் தீரும்வரை காட்டினாள்.

சாப்பிடும்போது அவர், "சரி, படி. கேக்கிறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஜெனிட்டா சோற்றில் கையை வைத்தபடியே அழுதாள். நானும்தான்.

நீங்கள் போவதானால் ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். சித்திரையில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். எங்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. மறுநாள் அப்பாவே பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். டிரைவரிடம் உரக்கச் சொன்னார்:

"பாத்து ஓட்டுங்க தம்பி. மகள் ஆராய்ச்சி பண்ணுது."