ரங்கோன் அரிசியும் ஆறு மூட்டை நெல்லும்: குடுமியான்மலையிலிருந்து இலுப்பூர் வரை

போன மாசி மாதம் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்ப்பதற்காகப் புதுக்கோட்டைச் சீமைக்குப் போனேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் இருந்துகொண்டே இவ்வளவு அருகில் இருப்பதை இதுவரை பார்க்காததற்குக் காரணம் சோம்பலா, தனியாகப் பயணம் செய்யப் பயமா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். அதே வழியில் போக நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறிப்பில் பாதி வேறு விஷயமாகிவிட்டது. அதை நீக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயிலில் முப்பத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்பதரை அணா. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் பஸ்ஸில் சுமார் பதின்மூன்று மைல், ஐந்தணா. பஸ் ஒன்பது மணிக்குக் கிளம்பும் என்றார்கள். ஆள் நிறைந்த பிறகு பத்தே காலுக்குக் கிளம்பியது. சில்லறையை, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசாகக் கொடுத்தார்கள். சமஸ்தானத்தை விட்டு வெளியேறும் முன் அதைச் செலவழித்துவிடுங்கள். திருச்சியில் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

கல்வெட்டு கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில் இருக்கிறது. உச்சி வெயிலில் எழுத்தே தெரியவில்லை. சாய்ந்த வெயில் வரும்வரை காத்திருந்து பார்த்தேன். வரிசை வரிசையாக ஸ்வரங்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பதால் அதைப் பற்றி மேலே எழுதத் துணிவில்லை. இரவு சத்திரத்தில் தங்கினேன்.

வந்த வழியே திரும்பாமல், இலுப்பூர் போய் அங்கிருந்து திருச்சி பஸ் பிடிக்கலாம் என்று சத்திரத்துக்காரர் சொன்னார். மறுநாள் இலுப்பூரில் சந்தை. நெல் ஏற்றிப் போகும் வண்டி ஒன்றில் நாலணாவுக்கு இடம் பேசிக் கொடுத்தார். எட்டு மைல். ஒன்பது என்பது வண்டி ஓட்டியவர் கணக்கு.

அவர் பெயர் சின்னையா. நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி பேச்சி. இருவரும் ஊர்ப் பெரியதனக்காரரான அம்பலகாரர் ஒருவரின் வயலில் கூலி வேலை செய்பவர்கள். வண்டியும் மாடுகளும் அவரிடம் இரவல் வாங்கியவை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பின்னால் ஆறு மூட்டை நெல்.

“மூட்டை மேல சாஞ்சுக்கங்க ஐயா. நெல்லு கோவிச்சுக்காது” என்றார் பேச்சி.

இத்தனை நெல்லை விற்று என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“மாடுங்க. வீட்டுல ஒத்த மாடு நிக்குது. அதுக்குச் சோடி ஒண்ணு வாங்கிட்டா அம்பலகாரரு கொஞ்சம் நெலம் வாரத்துக்குத் தாரேன்னுருக்காரு. வெளைஞ்சதுல பாதி எங்களுக்கு. சந்தையில இருபத்திரெண்டு ரூவாய்க்கு மாடு பாத்து வச்சிருக்கோம்” என்றார் பேச்சி.

“நெல் அவ்வளவுக்குப் போகுமா?”

“போன வருசம் மூட்டை நாலு ரூவா. இப்ப எறங்கிப் போச்சுங்கிறாக. மூணு ரூவா கெடச்சாக்கூடப் போதும், எங்கிட்ட முடிச்சுல நாலு ரூவா இருக்கு. கெடைக்கலைன்னா இவுக கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போவாக. கங்காணி இன்னிக்குச் சந்தைக்கு ஆளெடுக்க வாராராம்.”

“நா போனா இவளுக்குத்தான்ங்க கஷ்டம்” என்றார் சின்னையா. “திட்டுறதுக்கு ஆள் இருக்காது.”

“மாட்டத் திட்டிக்கிர்றேன். அது திருப்பிப் பேசாது.”

கூலியைக் காசாக வாங்குவதில்லையா என்று கேட்டேன். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“காசு குடுத்து எங்கள யாருங்க கூப்புடுறாக?” என்றார் சின்னையா. “அறுப்பு முடிஞ்சா களத்துல நெல்லா அளந்து விடுவாக. திங்கிறதுக்கும் அதுதான். சீலை, உப்பு, மண்ணெண்ணெய் வாங்குறதுன்னாலும் அதைத்தான் விக்கணும். இது ரெண்டு அறுப்புல வயித்தக் கட்டிச் சேத்ததுங்க.”

இதற்கு மேல் கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவிலிருந்து வரும் ரங்கோன் அரிசிக்கு இறக்குமதி வரி போட வேண்டும் என்று மிராசுதார்கள் கேட்டபோது, எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று அதை எதிர்த்து மனு அனுப்பியது. மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். தடையில்லா வர்த்தகத்தால் அரிசி மலிந்தால் ஏழைக்கு நல்லது. ஏனென்றால் உழைப்பாளி நெல் விற்பவன் அல்ல, அரிசி வாங்குபவன் என்று எழுதினேன். முப்பது வருஷம் வகுப்பில் சொன்னதும் அதுதான். நான் பார்த்த உழைப்பாளிகள் எல்லோரும் திருச்சியில் காசுக்கு வேலை செய்தவர்கள். முப்பத்தைந்து மைலுக்குள் கூலியே நெல்லாக இருக்கிறது என்பதை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு இலுப்பூர் சேர்ந்தோம். நெல் மண்டிக்காரர் கைநிறைய நெல்லை அள்ளிப் பார்த்தார். நல்ல நெல் என்று ஒப்புக்கொண்டார். இரண்டே கால் என்றார்.

“மொதலாளி, வெளையாடாதீக” என்றார் பேச்சி.

“நான் என்ன ஆத்தா பண்றது? நாகப்பட்டினத்துல கப்பல் கப்பலா ரங்கோன் அரிசி வந்து எறங்குது. டவுன்ல அதத்தான் கேக்குறாங்க. குத்துற கூலிகூட மிச்சம்.”

பேச்சி விடவில்லை. கால் மணி நேரத்தில் விலை இரண்டரைக்கு வந்தது. மண்டிக்காரர் குடும்பம் சின்னையாவின் தாத்தா காலத்திலிருந்தே அவர்களிடம் நெல் வாங்குவதைப் பேச்சி நினைவூட்டினார். மண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மூன்றைச் சொல்லப் போகிறார் என்றே எனக்குத் தோன்றியது. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா திருச்சிப் பக்கம் போலருக்கு. படிச்சவுக. நீங்களே சொல்லுங்க, அங்க என்ன வெல?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமலே இருந்திருக்கலாம். கேள்வி கேட்டால் சரியான விடை சொல்லும் பழக்கம் என்னை விடவில்லை.

“அங்கேயும் இரண்டரைதான்” என்றேன்.

“கேட்டுக்கிட்டியா ஆத்தா” என்று அவர் தராசுப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு பேரமே இல்லை. பதினைந்து ரூபாய். முடிச்சில் இருந்ததையும் சேர்த்தால் பத்தொன்பது. மாட்டுக்காரர் ஓர் அணாகூடக் குறைக்கவில்லை.

குறையும் மூன்று ரூபாயை நான் தருகிறேன் என்றேன். “அந்த அரிசி வருவதில் எனக்கும் பங்கு உண்டு” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க என்னங்க, கப்பலா ஓட்டுனீக?” என்று பேச்சி சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: “நல்ல மனசுங்க ஒங்களுக்கு. மாடு வாங்கிர்லாம். வர்ற வருசமும் நெல்லு இந்த வெலைக்குத்தான போகும்? வாரத்துக்குப் பாதியக் குடுத்துட்டு மிச்சத்த வித்து ரெண்டு மாட்டுக்குத் தீனி போட முடியுமா? அப்பவும் நீங்க வந்து குடுப்பீகளா?”

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சின்னையா பதினைந்து ரூபாயையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கங்காணியிடம் போனார்.

கண்டிக்கு எப்படிப் போவது என்று பேச்சி என்னைக் கேட்டார். அது எனக்குத் தெரிந்த விஷயம். மண்டபம் வரை ரயில், அங்கே முகாமில் சில நாள் நிறுத்திச் சோதனை, தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று வரிசையாகச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிக் கேட்டுக்கொண்டார்.

“திரும்பி வர என்னங்க ஆகும்?”

போகும் செலவு கங்காணியுடையது. திரும்பும் செலவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போதும் ரங்கோன் அரிசிக்குக் கதவை அடைத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. திருச்சியில் சுருட்டுச் சுற்றுகிறவருக்கு மலிவு அரிசி என்றால் இன்னொரு வேளைச் சோறு. ஆனால் அறுவடையை ஒட்டிய மூன்று மாதம் மட்டும் வரி போட்டு, ஆடி ஆவணியில் எடுத்துவிட்டால் என்ன? அந்த வரிப் பணத்தில் கண்மாய் வெட்டி, கூலியைக் காசாகக் கொடுத்தால் என்ன? இதிலும் நான் விசாரிக்காதது ஏதாவது இருக்கலாம். சங்கத்துக்கு எழுதி, மனுவில் உழைப்பாளி பற்றிய அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறச் சொன்னேன். மனு மேலிடத்துக்குப் போய்ப் பல நாளாயிற்று, தங்கள் எழுத்து நடைக்குப் பாராட்டு வந்திருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

போகிறவர்களுக்கு: குடுமியான்மலையில் சாப்பாட்டுக் கடை இல்லை, கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள். பாறை சுடும், குடை அவசியம். இலுப்பூரிலிருந்து விராலிமலை வழியாகத் திருச்சிக்குச் சுமார் இருபத்தாறு மைல், பத்தணா, பகல் ஒரு மணிக்குப் பஸ். சந்தை நாளில் போனால் யாராவது உங்களிடம் திருச்சி விலை கேட்பார்கள். பதில் சொல்லும் முன், யார் விற்கிறார்கள் என்று பாருங்கள்.

கண்டித் தோட்டங்களிலிருந்து ஒருவர் தன் சொந்தக் காசில் ஊர் திரும்ப என்ன செலவாகும் என்று வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நான் இன்னும் பேச்சிக்குப் பதில் சொல்லவில்லை.